பிளக்கா, பங்க்கா? மின்சாரக் காரும் ஹைப்ரிட் காரும் எதில் ஓடுகின்றன: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஷோரூமில் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் காரைச் சுற்றிப் பார்ப்பவர் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதுக்கு சார்ஜ் போடணுமா தம்பி?" விற்பனையாளரும் உடனே சொல்வார்: "வேணாம் சார், ஓட ஓட தானாவே ஏறிக்கும்." சொன்னது பொய்யில்லை. ஆனாலும் கேட்டவர் பாதி விஷயத்தோடுதான் வீட்டுக்குப் போகிறார். தானாக ஏறுகிற அந்த சார்ஜ் எங்கிருந்து வருகிறது? பங்க்கில் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோலிலிருந்துதான், ஒரு சொட்டு விடாமல்.

அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மின்சாரக் கார், மைல்டு ஹைப்ரிட், ஸ்ட்ராங் ஹைப்ரிட், பிளக்-இன் ஹைப்ரிட் என்று எத்தனை பெயர் வந்தாலும் இரண்டே கேள்விகளை வைத்துப் பிரித்துவிடலாம். ஒன்று, வெளியிலிருந்து இந்த வண்டிக்குள் சக்தி எந்த வழியாக வருகிறது: பிளக் வழியாகவா, பங்க் வழியாகவா? இரண்டு, இந்த நொடியில் சக்கரத்தைச் சுற்றுவது எது: மோட்டாரா, இன்ஜினா, இரண்டும் சேர்ந்தா? எந்த வண்டியைக் காட்டினாலும் இந்த இரண்டையும் கேளுங்கள்.

முதல் கேள்விக்கு ரோட்டிலேயே ஒரு அடையாளம் உண்டு. நம்மூரில் பேட்டரியில் மட்டும் ஓடும் வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட். சொந்த வண்டி என்றால் வெள்ளை எழுத்து, வாடகை வண்டி என்றால் மஞ்சள் எழுத்து. இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஹைப்ரிட்கள் வழக்கமான வெள்ளை பிளேட்டில்தான் ஓடுகின்றன.

படி 1: யூனிட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்

விளம்பரங்களில் கிலோவாட் என்று ஒன்றும் கிலோவாட் மணி என்று ஒன்றும் வரும். நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். கிலோவாட் மணி என்பது உங்கள் இபி பில்லில் இருக்கும் அதே யூனிட். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் ஆகிற செலவு 1 யூனிட். ஆக, 45 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 45 யூனிட் பிடிக்கும் பேட்டரி, அவ்வளவுதான்.

கிலோவாட் என்பது வேறு. அந்தச் சக்தியை எவ்வளவு விரைவாக உள்ளே ஏற்றலாம், எவ்வளவு விரைவாக வெளியே எடுக்கலாம் என்பதைச் சொல்லும் அளவு அது. மோட்டாரின் பலத்தையும் சார்ஜரின் வேகத்தையும் கிலோவாட்டில் சொல்வார்கள். வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை யூனிட் சொல்லும். எவ்வளவு சுறுசுறுப்பாகப் போகும் என்பதைக் கிலோவாட் சொல்லும்.

நம் சந்தையில் இருக்கும் வண்டிகளையே பாருங்கள். எம்ஜி காமெட்டில் 17 யூனிட் சொச்சம். டாடா டியாகோ மின்சாரக் காரில் 19.2, 24 என்று இரண்டு அளவு. டாடா நெக்ஸானின் பெரிய பேட்டரி 45. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கில் 42, 51.4. மஹிந்திரா பிஇ 6 வண்டிக்கு 59, 79.

இதிலிருந்து தூரத்தைக் கணக்குப் போட, யூனிட்டை 7-ஆல் பெருக்குங்கள். நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 8 கி.மீ. ஓடும். ஊருக்குள் நிதானமாகப் போனால் 8-ஐத் தொடும். நான்குவழிச் சாலையில் 100-க்கு மேல் அழுத்தினால் 6-க்குக் கீழேயும் இறங்கும், ஏனென்றால் வேகம் கூடக் கூடக் காற்றை எதிர்த்துச் செலவாகும் சக்தி மளமளவென ஏறும். 45 யூனிட் நெக்ஸானுக்கு இந்தக் கணக்கில் 315 கி.மீ. வருகிறது. சான்றிதழில் இருப்பதோ 489. சான்றிதழ்ச் சோதனை ஆய்வுக்கூடத்து உருளைகள் மேல், மெதுவான வேகத்தில், வகுத்துவைத்த முறைப்படி நடக்கிறது. வண்டிக்கு வண்டி ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். மதுரைக்குப் போகத் திட்டம் போட 7-ஆல் பெருக்குவதையே நம்புங்கள்.

படி 2: இரண்டு 45-களை ஒப்பிடுங்கள்

டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட்டின் பெட்ரோல் டாங்க் 45 லிட்டர். நெக்ஸான் பேட்டரி 45 யூனிட். எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனால் விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தோதான ஜோடி கிடைக்காது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. அப்படியானால் 45 லிட்டர் டாங்க் கிட்டத்தட்ட 400 யூனிட் சுமக்கிறது. நெக்ஸானின் முழு பேட்டரியும் சேர்ந்தாலும் 5 லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம். அந்த 5 லிட்டருக்குச் சமமானதை வைத்துக்கொண்டு வண்டி 300 கி.மீ. போகிறது. ஹைரைடர் லிட்டருக்கு 22 கி.மீ. கொடுத்தால் 400 யூனிட்டில் 990 கி.மீ. போகும். கையிருப்பு ஒன்பது மடங்கு, தூரம் மூன்று மடங்குதான்.

மீதி எங்கே போனது? வெப்பமாக. சாதாரண பெட்ரோல் இன்ஜின் ஊருக்குள் ஓடும்போது எரிகிற பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கைக்கூடச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அபூர்வம். ரேடியேட்டர் வழியாகவும் சைலன்ஸர் வழியாகவும் மற்றதெல்லாம் சூடாக வெளியேறிவிடும். மின்சாரக் காரிலோ பேட்டரியிலிருந்து கிளம்பும் சக்தியில் 85 சதவீதத்துக்கு மேல் சக்கரத்தைச் சேர்கிறது. பெட்ரோல் கார் நிறையச் சுமந்து நிறைய இழக்கிறது. மின்சாரக் கார் கொஞ்சம் சுமந்து கொஞ்சமாக இழக்கிறது. ஹைப்ரிட் என்பது பெட்ரோல் காரின் இழப்பைக் குறைக்க எடுத்த முயற்சி. நான் பார்த்தவரை, இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் ஹைப்ரிட்டின் ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்று புரிகிறது.

படி 3: மின்சாரக் காருக்குள் கரன்ட் போகும் வழி

மின்சாரக் காரில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். ஏசி, மியூசிக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டால், பின்சீட்டுக்கு அடியிலிருந்தோ பானெட் பக்கமிருந்தோ "டக்... டக்" என்று மெல்லிய சத்தம் வரும். அப்புறம் டாஷ்போர்டில் ரெடி என்று விளக்கு எரியும்.

அந்த டக் சத்தம் கான்டாக்டர் எனப்படும் பெரிய மின்சுவிட்சுகள் மூடும் சத்தம். வண்டி அணைந்திருக்கும்போது 300, 400 வோல்ட் பேட்டரி மற்ற பாகங்களிலிருந்து முழுவதும் துண்டிக்கப்பட்டிருக்கும். பட்டனை அழுத்தியதும் முதலில் ஒரு சிறு சுவிட்ச் மூடிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட்டை விடும். மொத்தக் கரன்ட்டையும் ஒரேயடியாக விட்டால் தீப்பொறி பறந்து சுவிட்ச் முனைகள் கருகிவிடும். இரு பக்கமும் மின்னழுத்தம் சமமானதும் பெரிய சுவிட்ச் மூடும். இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இந்த சுவிட்சுகளை இயக்குவது எது தெரியுமா? சாதாரண 12 வோல்ட் பேட்டரி, பெட்ரோல் காரில் இருப்பது போலவே. ஹெட்லைட், ஹார்ன், கம்ப்யூட்டர்கள், கதவுப் பூட்டு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அது செத்துப்போனால், கீழே பெரிய பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தாலும் வண்டி எழுந்திருக்காது. மின்சாரக் கார் திடீரென்று படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தச் சின்ன பேட்டரியைத்தான். அது உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது, வெளியிலிருந்து ஜம்ப் கொடுப்பது எப்படி என்று வண்டியை எடுக்கும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். பேட்டரி கொடுப்பது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரன்ட். மோட்டாருக்கு வேண்டியது மூன்று ஃபேஸ் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரன்ட். நடுவில் நின்று மாற்றிக்கொடுப்பது இன்வெர்ட்டர். வீட்டில் கரன்ட் போனால் கைகொடுக்கிற இன்வெர்ட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது எப்போதும் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 அலை என்ற அலைவெண்ணில் நிற்கும். கார் இன்வெர்ட்டரோ உங்கள் கால் அழுத்தத்துக்கு ஏற்ப அலைவெண்ணையும் கரன்ட்டின் அளவையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாற்றிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் வேகமும் இழுவையும் அதிலிருந்துதான் வருகின்றன.

மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கொடுக்கும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் போகும். அதனால் ஐந்து கியர், கிளட்ச் எதுவும் தேவையில்லை. வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்க ஒரே ஒரு பல்சக்கரத் தொகுதி போதும். சிக்னலில் பச்சை விழுந்ததும் மின்சாரக் கார் முந்திக்கொண்டு பாய்வதற்குக் காரணம் இதுவே.

காலை எடுத்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டராக மாறும், கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும். வண்டியும் வேகம் குறையும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். பல வண்டிகளில் இதன் கடுமையைக் கூட்டிக் குறைக்கலாம். பழகும்வரை குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றாது.

பேட்டரியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம்மூர் வண்டிகளில் அதிகம் புழங்குவது எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். இன்னொன்று என்எம்சி: நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்தது. அதே எடையில் என்எம்சி அதிகம் பிடிக்கும். எல்எஃப்பி சூட்டை நன்றாகத் தாங்கும், அதிகத் தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். எல்எஃப்பி வண்டியை அவ்வப்போது 100 வரை ஏற்றுவது நல்லது, அப்போதுதான் அதன் கம்ப்யூட்டர் மிச்சம் எவ்வளவு என்பதைச் சரியாகக் கணிக்கும். என்எம்சி வண்டியைத் தினசரி 80-ல் நிறுத்தி, வெளியூர் போகும் நாளில் மட்டும் நிரப்புங்கள். எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

படி 4: ஹைப்ரிட் குடும்பத்தைப் பிரித்தறியுங்கள்

மைல்டு ஹைப்ரிட்டை முதலில் முடித்துவிடலாம். மாருதியின் எர்டிகா போன்ற வண்டிகளில் ஸ்மார்ட் ஹைப்ரிட் என்று வருவது இந்த வகை. இன்ஜின் ஓடும்போது கரன்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் கொஞ்சம் பெரிய, மோட்டாராகவும் வேலை செய்யும் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். சிக்னலில் இன்ஜின் அணையும், கிளம்பும்போது ஒரு சின்னத் தள்ளு கிடைக்கும். பெட்ரோல் எரியாமல் இந்த வண்டி ஒரு அடி கூட நகராது. ஹைப்ரிட் என்ற பெயருக்காக மட்டும் இதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்தான் உண்மையான ஹைப்ரிட். 1997-இல் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் வந்தபோது தொடங்கிய ஏற்பாடு இது. நம்மூர் ஹைரைடரிலும், அதன் இரட்டையான மாருதி கிராண்ட் விட்டாராவின் ஹைப்ரிட்டிலும் இதன் வழிவந்த அமைப்புதான் இருக்கிறது.

உள்ளே ஒரு பெட்ரோல் இன்ஜின், இரண்டு மின்மோட்டார்கள். மூன்றையும் இணைப்பது ஒரு கோள்பல்சக்கரத் தொகுதி: நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ ஒரு வளையம். சூரியச் சக்கரத்தில் முதல் மோட்டார். சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் இன்ஜின். வளையம் இரண்டாவது மோட்டாரோடும் வண்டிச் சக்கரங்களோடும் சேர்ந்து சுற்றும். இன்ஜின் கொடுக்கும் பலம் இங்கே இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு நேராகச் சக்கரத்துக்கு, இன்னொரு பங்கு முதல் மோட்டாரைச் சுற்றிக் கரன்ட்டாக. அந்தக் கரன்ட் இரண்டாவது மோட்டாருக்கோ பேட்டரிக்கோ போகும். முதல் மோட்டாரின் வேகத்தை மாற்றினாலே இன்ஜினின் வேகமும் மாறிவிடுவதால், கிளட்ச் கிடையாது, கியர் மாற்றுவது கிடையாது, பெல்ட் கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் தனியாக இல்லை. இன்ஜினை எழுப்புவதும் முதல் மோட்டாரின் வேலைதான். இவ்வளவு பெரிய காரியத்தை அசையும் பாகங்கள் இவ்வளவு குறைவாக வைத்து முடித்திருப்பதைப் பார்க்கும்போது, வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஹைரைடரின் எண்களில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. இன்ஜின் 68 கிலோவாட், மோட்டார் 59 கிலோவாட். கூட்டினால் 127 வர வேண்டும். நிறுவனம் சொல்லும் மொத்தமோ 85-தான். காரணம் பேட்டரி. அது 0.76 யூனிட்தான், நெக்ஸானில் இருப்பதில் அறுபதில் ஒரு பங்கு. மோட்டார் 59 கிலோவாட் தாங்கும் என்றாலும் அவ்வளவு கரன்ட்டை அந்தச் சின்ன பேட்டரியால் தனியாகக் கொடுக்க முடியாது. மீதியை இன்ஜின்தான் ஜெனரேட்டர் வழியாகக் கொடுக்க வேண்டும். முதல் கேள்விக்கான பதில் இந்த எண்ணிலேயே இருக்கிறது: சக்தி பங்க்கிலிருந்து மட்டுமே வருகிறது.

அப்படியென்றால் மைலேஜ் எப்படிக் கூடுகிறது? நெரிசலில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் அணைந்து மோட்டார் ஓட்டுகிறது. பிரேக் பிடிக்கும்போது சூடாக வீணாகும் சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. மூன்றாவது காரணத்தைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை. இந்த இன்ஜின் அட்கின்சன் முறையில் ஓடுவது. உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடும். அமுக்குகிற தூரத்தைவிட எரிந்து விரிகிற தூரம் அதிகம். ஒவ்வொரு சொட்டிலிருந்தும் கூடுதல் வேலை கிடைக்கும், ஆனால் குறைந்த வேகத்தில் இழுவை சோர்ந்திருக்கும். அந்தச் சோர்வை மோட்டார் ஈடுகட்டிவிடுவதால், இன்ஜின் தனக்குச் சிக்கனமான நிலையிலேயே பெரும்பாலும் ஓட முடிகிறது. இதனால்தான் ஹைப்ரிட் ஊருக்குள் நல்ல மைலேஜ் கொடுக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக 110-ல் போனால் சாதாரண பெட்ரோல் காருக்கும் அதற்கும் இடைவெளி குறைந்துவிடும்.

ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் வேறு வழியில் போகிறது. அதில் பெரும்பாலான நேரம் இன்ஜின் ஜெனரேட்டரை மட்டும் சுற்றும். சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பிடித்து இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும். நிசான் 2016-இல் ஜப்பானில் கொண்டுவந்த இ-பவர் முறையில் அந்த இணைப்பும் இல்லை, சக்கரத்தைச் சுற்றுவது எப்போதுமே மோட்டார்தான். ஓட்டுவதற்கு மின்சாரக் கார் போலவே இருக்கும், எரிவது பெட்ரோல்.

பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு இரண்டு வாசலும் உண்டு. பத்து, பதினைந்து யூனிட் பேட்டரி இருக்கும். வீட்டில் சார்ஜ் போட்டு அன்றாட அலைச்சலை மின்சாரத்தில் முடிக்கலாம், நீண்ட பயணத்துக்குப் பெட்ரோல். நம் நாட்டில் விலையுயர்ந்த சில வண்டிகளில் மட்டுமே கிடைக்கிறது. பிளக்கை மாட்டாமலே ஓட்டினால், கனமான பேட்டரியைச் சுமக்கும் பெட்ரோல் கார்தான் மிஞ்சும்.

படி 5: மலைப்பாதையில் வித்தியாசத்தைப் பாருங்கள்

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு மலையிறக்கத்தில் தெரிவது போல வேறெங்கும் தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்கவே 6 யூனிட் வேண்டும். டயர் உராய்வு, காற்று, மோட்டார் இழப்பு எல்லாம் சேர்ந்தால் 9 யூனிட் வரை ஆகலாம். முப்பது சொச்சம் கிலோமீட்டருக்கு 9 யூனிட் என்று திரையில் பார்த்துப் பலர் பயந்துவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அதில் பெரும்பகுதி உயரமாகச் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது.

இறங்கும்போது ரீஜெனைக் கூட்டிவைத்து வந்தால் 3 யூனிட் அளவுக்குத் திரும்ப ஏறும். பர்லியார் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கையில் பேட்டரி சதவீதம் ஒவ்வொன்றாகக் கூடுவதைப் பார்ப்பது புதிதாக ஓட்டுபவர்களுக்கு மறக்காது. பிரேக்கும் சூடாகாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மேலே தங்கிய விடுதியில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் இடமில்லை, ரீஜென் வேலை செய்யாது, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். 85 சதவீதத்தில் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

ஹைப்ரிட்டில் கதை வேறு. 0.76 யூனிட் பேட்டரியில் பாதியளவுதான் புழக்கத்துக்கு விடுவார்கள். 200 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் அது நிறைந்துவிடும், இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். அப்போது திடீரென்று இன்ஜின் உறுமத் தொடங்கும். ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து ஓரமாக நிறுத்துபவர்கள் உண்டு. எதுவும் கெடவில்லை: போக இடமில்லாத சக்தியைக் கரைக்க, பெட்ரோல் விடாமல் இன்ஜினை வெறுமனே சுற்றவிடுகிறது வண்டி. டொயோட்டா ஹைப்ரிட்கள் பலவற்றில் கியர் லிவரில் B (பார்க்கிங்குக்கான P அல்ல) என்று ஒரு நிலை இருப்பது இதற்காகத்தான். நீண்ட இறக்கத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், சமவெளிக்கு வந்ததும் வழக்கமான D-க்கு மாறிவிடுங்கள்.

படி 6: சார்ஜ் கணக்கு

வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பவர் பிளக்கில் 3 கிலோவாட் அளவுக்கு எடுக்கலாம். 45 யூனிட்டை நிரப்ப 15 மணி நேரம் ஆகும். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் தினமும் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு வேண்டியது சார்ஜ் இழப்பையும் சேர்த்து 6, 7 யூனிட்தான். இரவு இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டி வைத்தால் முழு பேட்டரியும் ஏழு மணி நேரத்துக்குள் நிரம்பும். அதற்கு உங்கள் மீட்டருக்கு அனுமதித்த லோடு போதுமா என்று பார்த்து, தேவைப்பட்டால் மின்வாரியத்தில் கூட்டி வாங்குங்கள். சொந்த வண்டிக்கு வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போட மத்திய அரசின் வழிகாட்டுதல் இடம் தருகிறது.

எர்த் சரியில்லாத வீடுகளில் சார்ஜர் வேலை செய்ய மறுத்து சிவப்பு விளக்கு காட்டும். சார்ஜரைத் திட்டாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றுகிறது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்து, மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கார் சார்ஜ் போடவே கூடாது. மணிக்கணக்கில் முழுக் கரன்ட் ஓடினால் அது உருகிப்போகும்.

பில்லையும் முன்கூட்டியே யோசியுங்கள். தினம் 40 கி.மீ. என்றால் தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 400 யூனிட் வரை கூடும். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஏற்கெனவே அதிகம் செலவழிக்கும் வீட்டில் இந்த 400-ம் மேல்படிக் கட்டணத்தில்தான் சேரும். பெட்ரோலோடு ஒப்பிடும்போது சராசரிக் கட்டணத்தை எடுக்காமல் அந்த மேல்படி விலையில் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டாலும் லாபம்தான்.

வெளியே இருப்பது டிசி வேகச் சார்ஜர். வீட்டில் வரும் ஏசி கரன்ட்டை டிசியாக மாற்றும் பெட்டி காருக்குள் இருக்கிறது. அது சின்னது என்பதால்தான் வீட்டில் மெதுவாக ஏறுகிறது. வேகச் சார்ஜரில் அந்த மாற்றும் வேலை வெளியே நிற்கும் பெரிய பெட்டியிலேயே முடிந்து, டிசி நேராகப் பேட்டரிக்குப் போகிறது. 60 கிலோவாட் பெட்டி என்றாலும், உங்கள் கார் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவுதான் ஏறும்.

80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவதும் இயல்பு. காலிப் பேருந்தில் முதலில் ஏறுபவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி நாலைந்து பேர்தான் இடம் தேடி நகர்ந்து நகர்ந்து போக வேண்டியிருக்கும். லித்தியம் அயனிகளுக்கும் அதே நிலைமை, அவசரப்படுத்தினால் பேட்டரி கெடும். ஆகவே நீண்ட பயணத்தில் 100 வரை காத்திருக்காமல் 80-ல் கிளம்பி, அடுத்த இடத்தில் இன்னொரு முறை போடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். பின்னால் காத்திருப்பவருக்கும் அது உதவி.

படி 7: வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

ஹைப்ரிட் என்றால் திரையில் சக்தி ஓட்டத்தைக் காட்டும் படத்தைப் போடச் சொல்லுங்கள். நெரிசலான தெருவில் பத்து நிமிடம் ஓட்டி, அம்புக்குறி எப்போது இன்ஜினிலிருந்து, எப்போது பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குப் போகிறது என்று கவனியுங்கள். மின்சாரக் கார் என்றால் காலை எடுக்கும்போது சக்தி மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது, ரீஜெனை மாற்றினால் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்ற சராசரி இருக்கும். டெமோ வண்டி என்பதால் பலர் பலவிதமாக ஓட்டிய எண் அது, உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும்.

பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. சில நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு ஆயுள் உத்தரவாதமும் தருகின்றன. எத்தனை சதவீதத்துக்குக் கீழே கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், வண்டியை விற்றால் அடுத்தவருக்கு அது செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பானெட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிற வயர்கள் தெரியும். அவை உயர் மின்னழுத்த வயர்கள். தெரு முனை மெக்கானிக் அவற்றில் கை வைக்க விடாதீர்கள். வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்தும் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். மின்சாரக் காரைக் கயிறு கட்டியும் இழுக்கக்கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றிக் கரன்ட்டை உண்டாக்கும். உதவிக்கு அழைக்கும்போதே, நாலு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப்போகும் தட்டு லாரிதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.